பூட்டிக் கிடக்கும் மண்டபமும் குழாய் இல்லாத பூங்காவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பக்கத்திலேயே பூங்கா, மரங்களுக்கு நடுவே நல்ல பாதை, ஆனாலும் அம்மா வரமாட்டேன் என்கிறார். "அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லை, அங்கே எதுக்கு என்னைக் கூப்பிடறே?" என்கிறார். உண்மைதான், அங்கே கழிப்பறையும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. இதெல்லாம் இருக்கிற பொது மண்டபமோ இரண்டு தெரு தள்ளி, கல்யாணமோ கூட்டமோ இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

இனிமேல் கட்டுகிற மண்டபத்தையாவது பூங்கா வாசலில், பாதை தொடங்குகிற இடத்திலேயே கட்டுங்கள் என்று நகராட்சியைக் கேட்கிறேன். பெரிதாக வேண்டாம். ஒரு கூடம், அதைச் சுற்றித் திண்ணை வைத்த தாழ்வாரம், மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி (ஜோஜோ டேங்க்), மின்வெட்டிலும் எரிகிற சோலார் விளக்கு, அப்புறம் வெளிப்பக்கமாக வாசல் வைத்த கழிப்பறை (உள்ளே கல்யாணமே நடந்தாலும் நடக்க வந்தவர்களுக்கு அது திறந்திருக்க வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம்). ஓடைக் கரையில் மட்டும் கட்டிவிடாதீர்கள், வெள்ளம் வந்தால் ஒதுங்க மண்டபம் வேண்டும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் பலர் தங்கியதே இந்த மாதிரி மண்டபங்களில்தான்.

பூங்காவில் பாதுகாப்பு இல்லையே என்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பயம் இருக்கத்தான் செய்யும். சனிக்கிழமை காலையில் தாழ்வாரத்தில் தமிழ் வகுப்பு நடந்து, பிள்ளையை விட்டுவிட்டு அப்பா அம்மா இரண்டு சுற்று நடந்து, பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் அந்த இடமே மாறிவிடும், மண்டபத்துக்குப் போடுகிற காவலாளியே பூங்காவையும் பார்த்துக்கொள்வார்.

நடக்காத காரியம் இல்லை. ஜோகன்னஸ்பர்க் டெல்டா பூங்காவில் பழைய கழிவுநீர் நிலையக் கட்டடத்தையே சுற்றுச்சூழல் மையமாக மாற்றினார்கள். சனிக்கிழமைதோறும் காசில்லாமல் 5 கி.மீ. ஓடுகிற, நடக்கிற பார்க்ரன் இந்த நாட்டில் முதலில் தொடங்கியதும் அதே பூங்காவில்தான், 2011-ல்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது, அதற்கு முன்பே வரைவு பட்ஜெட்டை வைத்து மக்களிடம் கருத்து கேட்பார்கள். இந்த முறை நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வாசகர்களே, நீங்களும் உங்கள் வட்டாரப் பூங்காவின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்