பூட்டு என்ற சொல்லைத் தந்தவர்களுக்கும், கயிற்றைத் தந்த அத்தைக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டம் நடத்திய சிறுகதைப் போட்டியில் என் கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருக்கிறது. மேடையில் பேசச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருந்தும் ஒருவரைக்கூடக் குறிப்பிட முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் முறை சொல்லியே அழைக்கிறேன்.

போட்டிக்குத் தந்த தலைப்பு ஒரே சொல்: 'பூட்டு'. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைக் கேட்டால் மனம் வேறெங்கே போகும்? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. மறுநாளே ஒரு பூட்டுப் பட்டறை வாசலில் போய் நின்றேன்.

பட்டறை அண்ணனுக்கு முதல் நன்றி. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு ஒரு மாங்காய்ப் பூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் லீவர் தகடுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். அரத்தால் சாவியின் பல்லைத் தேய்ப்பார், பூட்டுக்குள் விட்டுத் திருப்புவார், மறுபடி இரண்டு இழுப்பு. கண்ணை அதிகம் நம்புவதில்லை. பூட்டைக் காதருகே கொண்டுபோய்க் கேட்கிறார். டீ குடிக்கும்போதுதான் சொன்னார்: "கதை எழுதணும்னு இந்த வாரத்துல வந்த நாலாவது ஆள் நீங்க, தங்கச்சி. பூட்டுச் செய்யுறவர் வீட்டுக்குப் பூட்டு உண்டான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க."

என் நோட்டில் முதல் கேள்வியாக அதுதான் இருந்தது. அண்ணன் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதே கேள்வியோடு வந்த கதைகளில் ஒன்றாக என் கதையும் கிடந்திருக்கும்.

ஆனாலும் உடனே அந்தப் பூட்டைக் கைவிட முடியவில்லை. போன வருடம் வேறொரு போட்டிக்கு 'மழை' என்ற தலைப்பில் எழுதினேன். மழைக்காகக் காத்திருக்கும் ஊர், கடைசி வரை மழை வராது. 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது மனதில் தைத்துவிட்டது. தலைப்பை விட்டு ஓரடி விலகினாலும் கதையை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயத்தைப் போக்கியவர் தமிழய்யா. நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, காளமேகப் புலவருக்கு, இதில் முடியும்படி பாடு என்று கொடுத்த ஈற்றடியைச் சொன்னார்: 'குடத்திலே கங்கை அடங்கும்'. கங்கை எப்படிக் குடத்தில் அடங்கும்? காளமேகம் அதற்கு முன்னால் 'சடாம' என்று வைத்து முடித்தார். குடம், மகுடம் ஆயிற்று. சிவனின் சடாமகுடத்திலே கங்கை அடங்கிவிட்டது. "கொடுத்த அடியில ஓர் எழுத்தையாவது மாத்துனாரா? இல்லை. கங்கையை விட்டாரா? அதுவும் இல்லை. விலகுறது வேற, திருப்புறது வேற, புரியுதாம்மா?" என்றார். என் மழைக் கதை இதில் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அது திருப்பியதுதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை. வத்தலக்குண்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மருந்து வாங்கிக் கொடுக்கப் போனபோது தலைப்பைச் சொன்னேன். அத்தை கேட்டது: "எந்தப் பூட்டு? ஏர் பூட்டுறதா?"

அந்த நொடியை என்னால் மறக்க முடியாது. எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். சித்திரையில் பொன்னேர் பூட்டுவது பற்றி அத்தையே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! பூட்டு என்றதும் இரும்பும் பித்தளையும் மட்டுமே எனக்குத் தெரிந்தன.

அத்தை உள்ளே போய் ஆணியில் தொங்கிய பூட்டாங்கயிற்றை எடுத்து வந்தார். நுகத்தடியில் மாட்டின் கழுத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு. நடுப்பகுதி மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது, எண்ணெய் தேய்த்ததுபோல. முறுக்குக்குள் இரண்டு வெள்ளை ரோமம் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டை விற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "மாட்டுக்காரன் கயிறையும் சேர்த்துக் கேட்டான். நான் குடுக்கல" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றிரவே என் கதை கிடைத்துவிட்டது: மாடுகளை விற்றபின், தாழ்ப்பாள் போன வீட்டுக் கதவைப் பூட்டாங்கயிற்றால் கட்டிவைக்கும் ஒரு கிழவி.

என் தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன். கதையின் மூன்று வரைவுகளையும் படித்தாள். இரண்டாவது வரைவில், எதற்கும் இருக்கட்டும் என்று திண்ணையில் ஒரு திண்டுக்கல் பூட்டையும் வைத்திருந்தேன். அதைச் சிவப்பு மையால் அடித்தாள். "இதை எடுத்தா கதை நிக்குது. கயிறை எடுத்தா நிக்கலை. அப்ப எது உன் தலைப்பு?" இனி எந்தப் போட்டிக்கு எழுதினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

முடிவுதான் வரவே இல்லை. மறுபடியும் தமிழய்யாவிடம் ஓடினேன். பள்ளியில் படித்து மறந்துபோன பூட்டுவிற் பொருள்கோளை, செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில் ஒன்றை, அவர் எடுத்துச் சொன்னார். வில்லின் இரு முனையையும் நாண் சேர்ப்பதுபோல், செய்யுளின் கடைசிச் சொல் போய் முதல் சொல்லோடு சேரும். அதற்குக் காட்டும் வெண்பா 'திறந்திடுமின்' என்று தொடங்கி 'கதவு' என்று முடிகிறது. எதைத் திறக்க வேண்டும் என்பது கடைசியில்தான் தெரியும். என் கதை 'அவிழ்க்காதே' என்று தொடங்குகிறது. கடைசிச் சொல் 'கயிறு'.

நடுவர்களே, இதைச் சரியாகக் கண்டுபிடித்து நீங்கள் மேடையில் சொன்னபோதுதான் எனக்குப் பேச்சு வராமல் போனது. தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'பூட்டு பற்றி' என்றோ 'பூட்டும் சாவியும்' என்றோ தராமல், பெயரா வினையா என்றுகூடச் சொல்லாமல் வெறும் சொல்லாகத் தந்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் அத்தையின் கயிற்றுக்கும் இடம் இருந்தது. மனமார்ந்த நன்றி.

அண்ணா, கதை அச்சாகும் இதழில் ஒரு பிரதி பட்டறைக்கு வந்து சேரும். அத்தை, கயிறு என் மேசைமேல் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன். அந்த ரோமம் இரண்டும் அப்படியே இருக்கின்றன.