ஒரு செண்ட் புல்லும் நல்ல தண்ணீர்க் கிணறும்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், மாசிக்குள் வந்து பேரனைப் பார்த்துவிடுவோம். தொண்டி வீட்டு வாசலில் ஒரு செண்டுக்குப் புல் போடப் போகிறேன், எவ்வளவு தண்ணீர் விடணும் என்று கேட்டிருந்தாய். இதை அவசியம் உனக்குச் சொல்லணும், ஏனென்றால் அந்தத் தண்ணீரால்தான் போன வருஷம் என் கிணற்றையே கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

இங்கே உச்சிப்புளியில் எனக்கு அரை செண்ட் புல்தான். கச்சான் காற்றில் கருகிவிடுமோ என்ற பயத்தில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஸ்பிரிங்க்ளரைத் திருப்பிவிடுவேன். ஆனியில் ஒரு நாள் உன் தங்கச்சி, டீ கரிக்குது, தண்ணீரைக் குடித்துப் பாருங்கள் என்றாள். குடித்ததும் பகீர் என்றது. சின்ன வயசில் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் மோந்து குடிப்போமே, ஆழமாகத் தோண்டாதீர்கள், உப்பு வந்துவிடும் என்று அம்மா சத்தம் போடுவாரே, அதேதான் கிணற்றிலும் நடந்திருக்கிறது. மழைத் தண்ணீர் எடை குறைவு, அதனால் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நாம் இறைத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்பு சுமார் 40 அடி வரை ஏறிவரும் என்பது கணக்கு.

அப்புறம்தான் அளந்து பார்த்தேன். ஒரே அளவுள்ள 6 பால் பவுடர் டின்களைப் புல்லில் அங்கங்கே வைத்து, 15 நிமிஷம் தண்ணீர் விட்டு, ஸ்கேலை விட்டுப் பார்த்தால் சராசரி 5 மில்லிமீட்டர், அதிலும் காற்று தள்ளிய பக்கம் 8, எதிர்ப்பக்கம் 2. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 20, வாரத்துக்கு 140 மில்லிமீட்டர்! ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நின்றால் அது 1 லிட்டர். என் 20 சதுர மீட்டருக்கு வாரம் 2,800 லிட்டர் இறைத்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கே புல்லுக்கு ஒரு நாளைக்கு 3, 4 மில்லிமீட்டர் போதும், வாரத்துக்கு 25 என்று வைத்துக்கொள். எனக்கு 500 லிட்டர், உன் ஒரு செண்டுக்கு 1,000 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் சுமார் 67 குடம். ஆனால் அதை ஒரே நாளில் கொட்டிவிடாதே. நம் மணல், வேர் இருக்கிற அரை அடிக்குள் 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் பிடித்துவைக்காது, மிச்சம் வேருக்குக் கீழே ஓடிவிடும். அதனால் வாரம் மூன்று தடவை, 8 மில்லிமீட்டர் வீதம். என் ஸ்பிரிங்க்ளருக்கு அது 25 நிமிஷம், உன்னுடையதை நீயே டின் வைத்து அளந்துகொள். சாயங்காலம் வேண்டாம், விடிகாலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் விடு.

நாள் பார்த்து விடுவதையும் நான் இப்போது விட்டுவிட்டேன். புல்லில் நடந்துபார், மிதித்த இடம் நிமிராமல் கால் தடம் அப்படியே கிடந்தால் அன்றைக்குத் தண்ணீர் விடு, நிமிர்ந்துவிட்டால் மோட்டாரைத் தொடாதே. ஐப்பசி, கார்த்திகையில் மழை பார்த்துக்கொள்ளும், மண்ணில் சேர்ந்த உப்பையும் அதுவே கழுவி இறக்கும்.

புல்லும் அருகம்புல்லாகவே போடு, உப்பும் தாங்கும், வறட்சியும் தாங்கும். என் புல் இப்போது முன்னைவிடக் கொஞ்சம் வெளிர்தான், எனக்கு அது போதும். கிணறு இந்த மழைக்குப் பிறகு பாதி தெளிந்திருக்கிறது, டீ குடிக்க முடிகிறது, ஆனால் பருப்பு இன்னும் முன்போல வேகவில்லை என்கிறாள் உன் தங்கச்சி.

ஸ்பிரிங்க்ளர் வாங்கும் முன் உன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வை, மாசியில் வரும்போது குடித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி