பழைய ஃபியூஸ் கட்டையும் இரண்டு ஏசியும்

ஆசிரியருக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு அப்பா காலத்தது. நான்கு விளக்கு, இரண்டு ஃபேனுக்குப் போட்ட மரப்பலகை மெயின் போர்டில்தான் இரண்டு ஏசி, கீசர், கிரைண்டர் எல்லாம் ஓடின. ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியன் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார். ஃபியூஸ் போகாது, சரி. சுவருக்குள் வயர் அல்லவா உருகும்! பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒன்றரை டன் ஏசி ஒன்றே ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிறது. சுமை மிஞ்சினால் தானே அணைந்துவிடும் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, புது எர்த்திங் எல்லாம் போட்டாயிற்று. மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பித்தால், தெருக் கேபிளே தாங்காது, காத்திருங்கள் என்கிறார்கள். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு நாங்கள் விசிறிமட்டை வீசுகிறோம். கோடைக்குள் கேபிளை மாற்றித் தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சென்னை-81