என் மகன் கையில் அரத்தைக் கொடுங்கள்

தொழிற்பயிற்சி நிலையங்களின் பயிற்றுமுறையை வகுக்கும் உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியில் 30 ஆண்டுகளாகச் சிறிய லேத் பட்டறை நடத்திவரும் நான், பிறவியிலேயே காது கேளாத என் மகனுக்காக இம்மடலை எழுதுகிறேன். பழுதான பம்புசெட் மோட்டாரைத் தனியாகவே கழற்றிப் பூட்டக்கூடியவன், தொழிற்பயிற்சி நிலையத்தில், உலோகப் பாகங்களை அராவிப் பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவில் ஆசையோடு சேர்ந்தான். இப்போது காலையில் சீருடை அணியவே தயங்குகிறான்.

சென்ற வாரம் வெர்னியர் காலிப்பரில் அளவெடுக்கும் பாடம். பயிற்றுநர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே விளக்கியிருக்கிறார். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பையனுக்கு அவருடைய முதுகு மட்டுமே தெரிந்திருக்கிறது. 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் அக்கருவியில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்பது கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியது. காதுக்கு அங்கே வேலையே இல்லை. அவன் அளவைத் தவறாக எழுதியதும், கையிலிருந்த அரத்தை வாங்கி வைத்துவிட்டு, துடைப்பத்தைக் கொடுத்து அரத்தூளைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளும் அதே வேலைதான். பிறகு என்னை அழைத்து, "பையனுக்கு ஆர்வம் இல்லை" என்றார்கள். ஐயா, துடைப்பம் பிடிப்பதில் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் வரும்?

அந்த ஒரு பயிற்றுநரை மட்டும் நான் குறை கூறவில்லை. காது கேளாதவருக்கு எப்படிக் கற்பிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் இவர்களைச் சேர்த்து, பயிற்சி பெறுவதற்குத் தக்க துணையும் வசதியும் அளிக்க வேண்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு கூறுகிறது. சேர்க்கை கிடைத்தது, துணைதான் இன்னும் கிடைக்கவில்லை.

நான் கேட்பவை பெருஞ்செலவு வைப்பவை அல்ல. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மாணவர் முகம் பார்த்து விளக்க வேண்டும்; முதலில் செய்து காட்ட வேண்டும்; ஒவ்வொரு செய்முறைக்கும் படிப்படியாகப் படம் வரைந்த தாள் ஒன்றை மேசையில் ஒட்ட வேண்டும். சைகைமொழி அறிந்த ஒருவர் வாரத்தில் சில நாட்களாவது வர வேண்டும். லேத் ஓடும் இரைச்சலில் பின்னால் நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் படத்தாள் உதவும். எங்கள் பட்டறைகளில் பெரும்பாலோர் முதலாளியின் கையைப் பார்த்தே தொழில் கற்றவர்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

திங்கட்கிழமை அவன் மீண்டும் வகுப்புக்கு வருவான். அன்று அவன் கையில் அரம் இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தந்தை,
கணபதி, கோவை.