கியூபெக் படையெடுப்பும் வைசூரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரின் 250ஆம் ஆண்டையொட்டித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவரும் தொடரில், கியூபெக் படையெடுப்பைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பதின்மூன்று குடியேற்றங்களின் புரட்சிப் படை, தங்களோடு சேராமல் பிரிட்டிஷாரிடமே இருந்துவிட்ட வடக்குக் குடியேற்றத்தைக் கைப்பற்ற 1775இல் புறப்பட்டுச் சென்று, அடுத்த ஆண்டு கோடையில் குலைந்து திரும்பிய கதையைக் கட்டுரையாளர் விறுவிறுப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் தோல்விக்கு அவர் தரும் காரணங்கள் பனி, பசி, கியூபெக்கின் பிரிட்டிஷ் ஆளுநர் கை கார்ல்டனின் தந்திரம் என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. பெரியம்மை, அதாவது வைசூரி, என்ற சொல்லே கட்டுரையில் இல்லை; ‘நோய்களும் வாட்டின’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரி போதாது என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு எண்பது வயது கடந்துவிட்டது. 1960களில் இளைஞனாக அம்மை குத்தும் பணியில் சேர்ந்து, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்றவன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று பொருள். எங்களைப் பார்த்ததும் அந்த வேப்பிலையை எடுத்து மறைத்துவிட்ட வீடுகளும் உண்டு. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ஆர். ராவ் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார் என்பதை எங்கள் பகுதி மக்களிலேயே பலர் அறியமாட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களில் மூவருக்கு ஒருவர் வீதம் கொண்டுபோகக்கூடிய நோய் அது. அதை நேரில் கண்டவன் என்பதால்தான் கியூபெக் கதையைப் படிக்கும்போது என் கண் பீரங்கிகளின் மேல் நிற்பதில்லை.

கட்டுரையில் உள்ள போர்ச் செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. புரட்சிப் படைத் தளபதி ரிச்சர்ட் மாண்ட்கோமரி செயின்ட் ஜீன் கோட்டையை ஏழு வாரம் முற்றுகையிட்டுப் பிடித்து, நவம்பர் 13ஆம் தேதி மாண்ட்ரியலுக்குள் நுழைந்தார். அதே படையின் இன்னொரு பிரிவை நடத்திய பெனடிக்ட் ஆர்னால்ட் ஏறத்தாழ 1,100 பேருடன் கென்னபெக் ஆற்று வழியே காட்டுக்குள் புகுந்து, ஒழுகும் படகுகளோடும் பட்டினியோடும் போராடி, 600 பேர் அளவில்தான் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையை அடைந்தார். டிசம்பர் 31ஆம் நாள் பனிப்புயலில் கியூபெக் நகரின் மேல் நடந்த தாக்குதலில் மாண்ட்கோமரி இறந்தார், ஆர்னால்டின் கால் காயமடைந்தது, நானூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். பல வீரர்களின் பணிக்காலம் அன்றோடு முடிந்ததால்தான் அந்த நாளையே தேர்ந்தெடுக்க நேர்ந்தது என்ற குறிப்பும் சரியானதே. கியூபெக்கின் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள், 1774ஆம் ஆண்டுச் சட்டத்தால் தங்கள் மதத்துக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பழித்த புரட்சியாளர்களை எளிதில் நம்பவில்லை என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த இரவோடு படையெடுப்பு முடியவில்லை. முற்றுகை அடுத்த மே மாதம் வரை நீடித்தது. டிசம்பர் மாதத் தொடக்கத்திலேயே முகாமுக்குள் வைசூரி வந்துவிட்டிருந்தது என்பதை அந்த நான்கு மாதங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலருக்கு இளமையிலேயே அம்மை போட்டு இறங்கியிருந்தது. ஒருமுறை வந்தவருக்கு அது மறுபடி வருவதில்லை. நியூ இங்கிலாந்தின் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர் மக்களோ அதைக் கண்டதே இல்லை. ஆகவே கோட்டைச் சுவருக்கு உள்ளே இருந்தவனுக்குக் கவசம் இருந்தது. வெளியே நின்றவனுக்கு இல்லை. வசந்தத்தில் அனுப்பப்பட்ட துணைப்படைகளும் அத்தகைய புதியவர்களாகவே இருந்தபடியால், ஒவ்வொரு பிரிவும் முகாமை அடைந்து பன்னிரண்டு நாள் அளவில் காய்ச்சலில் விழுந்தது. அணையப் போகும் அடுப்பில் விறகை வைத்துக்கொண்டே இருந்ததற்கு ஒப்பான செயல் அது.

அந்தக் காலத்தில் ஜென்னரின் தடுப்பூசி கிடையாது. அது 1796இல்தான் வந்தது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து நல்ல உடம்பில் கீறி வைக்கும் பழைய முறைதான் இருந்தது. அப்படிச் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஓரிருவரே இறந்தார்கள் என்றாலும், குத்திக்கொண்டவர் சில வாரங்கள் படுக்க வேண்டும், அந்நாட்களில் மற்றவருக்கும் பரப்புவார். அதனால் முற்றுகையிட்ட படையில் அது தடைசெய்யப்பட்டிருந்தது. உயிருக்கு அஞ்சிய வீரர்கள் ஒளித்துச் செய்துகொண்டார்கள். வெளியே தெரியாதிருக்க நகத்தின் அடியில் கூடக் குத்திக்கொண்டார்கள். குத்திக்கொண்டதை மறைப்பதற்காகத் தனியே ஒதுங்காமல் தோழர்களோடு சேர்ந்தே உண்டு உறங்கினார்கள் என்றால் விளைவு என்னவாகும் என்பது வேப்பிலையை மறைத்த வீடுகளில் நின்ற எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மறைப்பவன் பயத்தில்தான் மறைக்கிறான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பிள்ளை திரும்பாது என்று எங்கள் பகுதித் தாய்மார்களும் பயந்தார்கள். ஆளுநரே நோயாளிகளை நகருக்கு வெளியே அனுப்பி நோயைப் பரப்பினார் என்று அந்தப் படையில் ஒரு பேச்சு இருந்தது. அப்படி ஒரு சதி நடந்திருக்கத் தேவையே இல்லை. முகாம் இருந்த நிலையே போதுமானது.

1776 மே முதல் நாள் பொறுப்பேற்க வந்த தளபதி ஜான் தாமஸ், பட்டியலில் இருந்த 1,900 பேரில் ஏறத்தாழ 1,000 பேர் மட்டுமே பணி செய்யும் நிலையில் இருப்பதைக் கண்டார். ஐந்து நாளில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சேர்ந்தன. படை கலைந்து ஓடியது. தாமஸ் மருத்துவம் பயின்றவர். அவரையே ஷாம்ப்ளி என்ற ஊருக்கு அருகில் வைசூரி பிடித்து, ஜூன் 2ஆம் தேதி இறந்தார். பின்வாங்கிய படை ஈல் ஓ நுவா என்ற ஆற்றுத் தீவில் தங்கியபோது, நாள்தோறும் இறந்தவர்களைப் பெருங்குழிகளில் ஒன்றாகப் புதைத்தார்கள். மாண்ட்கோமரியின் மரணத்தை ஓவியத்தோடு அரைப்பக்கம் எழுதிய கட்டுரையில் இத்தீவின் பெயர் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கட்டுரையாளர் தந்திரக்காரர் என்று மட்டும் காட்டும் கார்ல்டன், மே 10ஆம் தேதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். காடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் நோயோடு கிடக்கும் எதிரிப் படையினரைத் தேடிக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றும், குணமானதும் அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்றும் அது சொன்னது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

இது பின்னாளில் வந்த மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன காரணமும் அன்று. அதே ஜூன் மாதத்தில் புரட்சித் தலைவர்களுள் ஒருவரான ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பிரிட்டிஷார், கனடியர், செவ்விந்தியர் எல்லோரையும் சேர்த்தாலும் பெரியம்மை அவர்களைவிடப் பத்து மடங்கு கொடியது என்றும், கியூபெக்கிலிருந்து அவசரமாகப் பின்வாங்க அதுவே காரணம் என்றும் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறார். இளமையில் பார்படோஸ் தீவில் தாமே வைசூரி கண்டு பிழைத்த தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன், அம்மை குத்தினால் படையே படுத்துவிடும் என்று நெடுநாள் தயங்கியவர். 1777 பிப்ரவரியில் அந்தத் தயக்கத்தை விட்டு, புதிதாகச் சேரும் வீரர்கள் எல்லோருக்கும் அம்மை குத்த ஆணையிட்டார். எதிரிக்குத் தெரியாமல் அது நடந்தது. கியூபெக்கில் பட்டது இல்லாமல் அந்த ஆணை வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

தொடர் இன்னும் 1777ஆம் ஆண்டை எட்டவில்லை. அதை எட்டும் வாரத்தில் வாஷிங்டனின் இந்த ஆணைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குமாறும், மாண்ட்கோமரிக்குப் பின்னர் படையை நடத்த வந்து வைசூரியில் மாண்ட ஜான் தாமஸின் பெயரைச் சென்ற வாரக் கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பாக வெளியிடுமாறும் கட்டுரையாளரையும் தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அம்மைத் தடுப்பூசிப் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81