கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்க, சார்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாட்ஸாப் ஃபார்வர்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வதந்தி, போலி வைத்தியம், பழைய படத்தைப் புதிது என்று பரப்புவது எல்லாவற்றையும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஃபார்வர்டு என்றாலே வாட்ஸாப்தான் என்பது போல் கட்டுரை முடிந்துவிட்டது. மெயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. அலுவலகம், வங்கி, ஆடிட்டர், பள்ளிக்கூடம், குடியிருப்போர் சங்கம், பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது என்று நம் முக்கியமான சமாச்சாரமெல்லாம் இன்னும் அதில்தான் போய் வருகிறது. நான் ஒரு நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததும் அதில்தான். அதனால் இந்தக் கடிதம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள். நான்கு வருஷம் சங்கச் செயலாளராக இருந்தேன். ஒருநாள் ஆடிட்டரிடமிருந்து மெயில் வந்தது. பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை எவ்வளவு, வருஷக் கணக்கில் அதை எப்படிக் காட்டப் போகிறோம் என்று நான்கு வரி. பொதுக்குழுவுக்கு முன்பே எல்லோரும் பார்த்துவிட்டால் கூட்டத்தில் சத்தம் குறையும் என்று ஒரு நப்பாசை. பஸ்ஸில் நின்றபடியே போனில் ஃபார்வர்டைத் தட்டி, மேலே ‘தகவலுக்கு’ என்று ஒரே ஒரு சொல் போட்டு, 48 வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன்.

அந்த நான்கு வரிக்குக் கீழே, ஆடிட்டரும் நானும் மாறி மாறி எழுதிய ஆறு மெயில்கள் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வாலின் நுனியில், மூன்றாவது மாடியில் இருக்கும் ஒருவர் எனக்கு மட்டும் எழுதியது இருந்தது. வீட்டில் வைத்தியச் செலவு, ஐந்து மாதப் பாக்கியைத் தவணையில் கட்டிவிடுகிறேன், வெளியில் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தார். யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன நோய் என்பதும் அதில் இருந்தது. தவணை கொடுக்கலாமா என்று கேட்டு அதை ஆடிட்டருக்கு அனுப்பியவன் நான்தான். அது நடந்து நாலு மாதமாகிவிட்டதால் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். போன் திரையில் பழைய மெயிலெல்லாம் மூன்று புள்ளிகளுக்குள் சுருண்டு கிடக்கும். என் கண்ணில் பட்டது மேலே இருந்த நான்கு வரி மட்டுமே. 48 வீட்டில் யாரோ ஒருவர் அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவர் பார்த்தால் போதாதா?

அன்று மாலையே இரண்டு பேர் அவர் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருக்கிறார்கள், பழத்தோடு. சொந்தத் தங்கைக்குக்கூட அதுவரை அவர் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் லிஃப்டில் எதிர்ப்பட்டபோது திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அடுத்த தடவை கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்க, சார்” என்றார். அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். வாட்ஸாப் ஃபார்வர்டு அநாதை மாதிரி வரும். முதலில் எழுதியவர் யார், எத்தனை கை மாறியது என்று தெரியாது. ரொம்பச் சுற்றியிருந்தால் அதைச் சொல்ல ஒரு முத்திரை இருக்கும். 2018இல் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020இல், ஏற்கெனவே பல கை மாறி வந்ததை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். மெயிலுக்கு அப்படிப்பட்ட கடிவாளம் இல்லை. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்தே ஒரு மடலை 500 பேருக்கு அனுப்பலாம். அதோடு அது குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிக்கொண்டே வரும்: எழுதியவர் பெயர், முகவரி, தேதி, மணி, யார் யாருக்குப் போனது, கையொப்பத்துக்குக் கீழே இருக்கும் கைபேசி எண் வரைக்கும். இன்னொன்று, பதில் எழுதினால் பழைய இணைப்புகள் கழன்றுவிடும். ஃபார்வர்டு செய்தால் அவையும் சேர்ந்து போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் அடுத்தவரின் ஆதார் நகலையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் ஊருக்கு விநியோகித்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு.

எனக்குத் தெரிந்து இதில் ரொம்ப மோசம் கல்யாண ஜாதகம்தான். பெண்ணின் போட்டோ, பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், வேலை பார்க்கும் இடம், சம்பளம், அப்பாவின் போன் நம்பர், சில சமயம் வீட்டு விலாசம்கூட. பெரியப்பா அதை அமெரிக்காவில் இருக்கும் மச்சினருக்கு அனுப்புவார். அவர் தனக்குத் தெரிந்த நாற்பது பேருக்குத் தட்டிவிடுவார். எல்லாம் நல்லெண்ணம்தான், அதைக் குறை சொல்லவில்லை. என் தங்கை மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தை பிறந்த பிறகு சேலத்திலிருந்து ஒரு போன் வந்தது. “ஜாதகம் பார்த்தோம், பத்துக்கு எட்டுப் பொருத்தம், பெண் பார்க்க எப்போ வரலாம்?” போனை எடுத்தது மாப்பிள்ளை. வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்த ஜாதகம் இன்னும் எத்தனை பெட்டிகளில் கிடக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. பிறந்த தேதி, அப்பா பெயர், போன் நம்பர், சம்பளம் எல்லாம் ஒரே தாளில் இருந்தால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பெண்ணிடம் “அனுப்பட்டுமா?” என்று கேட்டவர் எத்தனை பேர்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும் வந்தது. அதில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஆனால் ஒருவர் தன் சொந்தக் காரியத்துக்கு, வீட்டுக் காரியத்துக்குக் கையாளும் தகவலை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆக, பெரியப்பாவை அது ஒன்றும் செய்யாது. பெரியப்பாவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது அடுத்த தொல்லை. நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவன். சிசி என்றால் கார்பன் காப்பி என்பது எங்கள் தலைமுறைக்கு விரல் நுனியில் கரி ஒட்டிய ஞாபகம். தாள்களுக்கு நடுவில் கார்பனைச் செருகி அடித்து, அடியில் ‘நகல்’ என்று போட்டுப் பெயர்களை எழுதுவோம். பெறுகிறவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு நகல் போக வேண்டுமென்றால், அசலை மெஷினிலிருந்து உருவிவிட்டு, அந்தப் பெயரை நகல் தாளில் மட்டும் அடிப்போம். மெயிலில் பிசிசி (பிளைண்ட் கார்பன் காப்பி) என்பது அதேதான்: அந்தக் கட்டத்தில் போட்ட முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் அறிமுகமில்லாத கூட்டத்துக்கு அனுப்பினால் முகவரிகள் பிசிசியில்தான் இருக்க வேண்டும்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். 2015இல் லண்டனில் எச்ஐவி சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனை தன் செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியபோது, பிசிசியில் போட வேண்டிய முகவரிகளை ‘பெறுநர்’ கட்டத்தில் போட்டுவிட்டது. அதில் 730 முகவரிகளில் முழுப் பெயரும் இருந்தது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் பார்த்தார்கள். காபூல் தாலிபான் வசமான அடுத்த மாதம், 2021 செப்டம்பரில், பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் அதே தவறைச் செய்தது. ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறத் தகுதிபெற்றுக் காத்திருந்த 245 பேரின் முகவரிகள் வெளியே தெரிந்தன. 55 பேரின் போட்டோவும் தெரிந்தது. ஒருவர் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தித் தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். அமைச்சகத்துக்கு 2023 டிசம்பரில் மூன்றரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். அந்த 245 பேர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்?

பிசிசியிலும் ஒரு வம்பு உண்டு. யாரையாவது மாட்டிவிட மேலதிகாரியை ரகசியமாக அதில் சேர்ப்பார்கள். அவர் மறதியாக ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவருக்குத் தெரிவிக்க வேண்டியதை, அனுப்பிய மடலைத் தனியாக ஃபார்வர்டு செய்து தெரிவித்துவிடலாம். ஐந்து பேர் கொண்ட கமிட்டி என்றால் ஒளிவுமறைவே வேண்டாம், சிசியே போதும்.

இப்போது நான் முடிந்தவரை ஃபார்வர்டே செய்வதில்லை. புது மெயில் திறந்து, தேவையான இரண்டு வரியை மட்டும் அதில் ஒட்டுகிறேன். முழுசாக அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கடைசி வரி வரை இறங்கிப் பார்த்து, வாலை வெட்டுகிறேன். எனக்கு மட்டும் எழுதியதாக இருந்தால் எழுதியவரைக் கேட்காமல் தொடுவதில்லை. யாராவது ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற நகல் கொடுங்கள் என்கிறேன். ஆதார் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற ஐந்து வினாடிதான் வைத்திருப்பார்கள். அமைப்புகளில் போய் அதை முப்பதாக்கிக்கொண்டேன். இந்த வயதுக்கு முப்பதே குறைச்சல்தான்.

இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் மூன்றாவது மாடிக்குப் போய் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். காபி ஆறும் வரை படித்தார். போடலாம், ஆனால் இரண்டு இடத்தை அடித்துவிடுங்கள் என்றார். ஒன்று நோயின் பெயர், இன்னொன்று எங்கள் தெருவின் பெயர். இரண்டையும் அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகர்