வருகிறார்கள், போவது யார்?

ஆசிரியருக்கு,

மாணவர்களே நடத்தும் ‘ஐசெக்’ அமைப்பு 1948-இல், போரில் சிதைந்த ஐரோப்பாவில் ஏழு நாட்டு மாணவர்களின் முயற்சியில் பிறந்தது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. அதன் வழியாக வெளிநாட்டு மாணவர்கள் இங்கு வந்து சில வாரங்கள் தங்கித் தொண்டுப் பணி செய்கிறார்கள்; இங்குள்ள மாணவர்களும் அப்படியே வெளிநாடு போகிறார்கள்.

எங்கள் பகுதிப் பள்ளிக்கு அப்படி வந்த எகிப்து மாணவி, பிள்ளைகளின் பெயர்களைக் கரும்பலகையில் வலமிருந்து இடமாக அரபியில் எழுதிக் காட்டினார். “கண்ணாடியில் பார்த்தால் நேராகிவிடுமா அக்கா?” என்றான் ஒரு பொடியன். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தகைய பரிமாற்றத்தை ஆதரிப்பேன்.

ஆனால், இங்கிருந்து போவது யார்? பெரும்பாலும் சரளமாக ஆங்கிலம் பேசும் நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், பங்கேற்புக் கட்டணம் எல்லாம் மாணவர் தலையில். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரால் முடிகிற காரியமா? ‘நான் முதல்வன்’ திட்டத்தில் சிலரை வெளிநாட்டுக்கு அனுப்பிய தமிழக அரசு, அரசு கலைக் கல்லூரி மாணவர்களின் பயணச் செலவில் ஒரு பங்கையாவது ஏற்கலாம். முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆண்டு விழா விருந்துச் செலவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உதவலாம். தேர்வு நேர்காணலைத் தமிழிலும் நடத்த வேண்டும்.

– ஒரு வாசகி, தாம்பரம்